நெட்டெறிவும் கூட்டுப் பொறுப்பும்

இருவர் கூடிச் செய்த ஒரு காரியம் பிழைத்துப்போகுமாயின் அப்பிழை எவருடையது? வினா புதியதன்று. ஆயினும் நமது அறநூல்களும் சட்டநூல்களும் பெரும்பாலும் தனிமனிதனை முன்னிறுத்தியே பேசி வந்திருக்கின்றன. கொன்றவன் ஒருவன், களவெடுத்தவன் ஒருவன், வாக்குத் தவறியவன் ஒருவன். அவனை இனங்கண்டு தண்டித்தோ மன்னித்தோ விட்டால் அறத்தின் வேலை முடிந்தது என்பதே பொதுவான எண்ணம். இருவர் ஒரே நோக்குடன், ஒரே நேரத்தில், தத்தம் பங்கைச் செவ்வனே செய்தும் காரியம் கைகூடாமற் போகும் சந்தர்ப்பங்களும் உலகில் உண்டு. அவற்றின் முன் இவ்வெண்ணம் தடுமாறுகின்றது. தடுமாறும்போது அது செய்வது ஒன்றே. இருவரில் ஒருவரைப் பிடித்துக் குற்றவாளியாக்கிவிடுகின்றது.

இதனை ஆராய்வதற்கு ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்கர் தமது நாட்டில் ‘ஃபுட்போல்’ என வழங்கும் ஆட்டம் அது. பெயரைக் கண்டு மயங்கலாகாது. நாம் உதைபந்தாட்டம் என்று கூறுவதை அவர்கள் ‘சொக்கர்’ என்பர். அவர்களுடைய ஆட்டத்தில் காலால் உதைப்பது சிறுபான்மை. முட்டை வடிவான பந்தைக் கையிற்கொண்டு ஓடுவதும் எறிவதும் பிடிப்பதுமே பெரும்பான்மை. நமது கல்லூரி மைதானங்களில் ஆடப்படும் றக்பி அதற்கு நெருங்கிய உறவுமுறை. கோடானுகோடி டொலர் புரளும் இத்தகைய கேளிக்கையைப் பற்றி இங்கு எழுதுவானேன் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் காண்போருக்குக் கேளிக்கையாய் இருப்பது ஆடுவோருக்கு உழைப்பாகும். அவ்வுழைப்பில் இருவர் ஒருவரையொருவர் நம்பவேண்டிய கட்டாயம் எவ்வளவு கூர்மையாய் வெளிப்படுகின்றது என்பதை நோக்கின் நமது வினாவுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். மைதானத்தின் நீளம் கோட்டுக்குக் கோடு 100 யார். அகலம் 53 யாருக்குச் சற்று மேல். ஓர் அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புக்களுள் 10 யாராவது முன்னேறவேண்டும். இன்றேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்னேறும் வழிகளுள் ஒன்று பந்தை எறிதல். எறிபவன் ‘குவாட்டர்பாக்’, ஓடிச் சென்று பிடிப்பவன் ‘ரிசீவர்’. இவர்களை எறிவோன் என்றும் ஏந்துவோன் என்றும் அழைப்போம். 20 யாருக்கு அப்பாற் செல்லும் எறிவை ஆட்டக் கணக்கர் தனியினமாக வகுப்பர். அதனை நெட்டெறிவு என்று கூறலாம்.

நெட்டெறிவின் இயல்பு யாது? முழு வேகத்தில் ஓடும் ஏந்துவோன் விநாடிக்கு ஏறத்தாழ 9 அல்லது 10 யார் கடப்பான். 50 யார் தூரம் செல்லும் பந்து வானில் ஏறத்தாழ இரண்டரை விநாடி நிற்கும். ஆகவே பந்து கையைவிட்டுப் புறப்படும் கணத்தில் ஏந்துவோன் தான் அதனைப் பிடிக்கப்போகும் இடத்திற்கு 20 யாருக்கும் மேற்பட்ட தூரம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறான். எறிவோன் ஆளை நோக்கி எறிவதில்லை. ஆளில்லாத வெறும் புல்தரையை நோக்கி எறிகிறான். ஏந்துவோனும் பந்தைக் கண்டு ஓடுவதில்லை. பந்து இன்னும் எறியப்படாத நிலையிலேயே, அஃது எறியப்படும் என்ற நம்பிக்கையில் ஓடுகிறான். இருவரில் எவரேனும் மற்றவரின் செயல் நிறைவேறியதைக் கண்ட பின்பே தன் பங்கைச் செய்வேன் என்று காத்திருப்பாராயின் நெட்டெறிவு என்ற ஒன்றே இல்லையாகும். இரண்டரை, மூன்று விநாடிக்குள் எதிரணியின் பருத்த வீரர் எறிவோனை வந்து வீழ்த்திவிடுவர் என்பதால் காத்திருக்க நேரமும் இல்லை.

இவ்வளவு நுண்ணிய ஒத்திசைவு வேண்டப்படும் செயல் அடிக்கடி தவறுவதில் வியப்பில்லை. விநாடியில் ஐந்திலொரு பங்கு பிந்தினால் 2 யார் வித்தியாசம். நீட்டிய கையின் எல்லையை அது கடந்துவிடும். காற்று சற்று எதிர்த்து வீசலாம். காவல் நிற்பவன் ஏந்துவோனின் தோளைத் தட்டி அவனது ஓட்டத்தில் ஓர் எட்டைக் குறைத்திருக்கலாம். இவற்றைவிடச் சுவையான காரணம் ஒன்று உண்டு. பல அணிகளில் ஏந்துவோனின் பாதை முன்கூட்டியே முற்றாக வரையறுக்கப்படுவதில்லை. எதிரணியின் பின்காவலர் எங்ஙனம் நிற்கின்றனர் என்பதை ஓடும்போதே பார்த்து, நேரே செல்வதா, உள்ளே திரும்புவதா என அவன் தீர்மானிக்கவேண்டும். எறிவோனும் அதே காவலரைத் தன் இடத்திலிருந்து பார்த்து, ஏந்துவோன் எதனைத் தீர்மானிப்பான் என்பதைத் தீர்மானிக்கவேண்டும். இருவரும் ஒரே ஏட்டை இரு புறமிருந்து வாசிக்கிறார்கள் எனலாம். ஏந்துவோன் உள்ளே திரும்ப, பந்து நேரே சென்று வெறுந்தரையில் விழும். அவன் வாசிப்பும் அவனளவிற் சரி. இவன் வாசிப்பும் இவனளவிற் சரி. பிழை இருவரிடத்தும் இல்லை. இருவருக்கும் இடையில் இருக்கிறது.

இடையில் இருக்கும் பிழையைப் பதிவதற்கு ஏட்டில் நிரல் ஏது? அமெரிக்கர் தமது ஆட்டங்களைக் கணக்கெழுதுவதில் உலகப் புகழ் பெற்றவர்கள். ஆட்டம் முடிந்த மறுகணமே எண்கள் நிரல்நிரலாக வந்துவிடும். அக்கணக்கேட்டை அறநூலாக வாசித்தால் விந்தையொன்று புலப்படும். எறிவு கைகூடி 40 யார் கிடைத்தால் அந்த 40 யாரும் எறிவோனின் பேரிலும் எழுதப்படும். அதே 40 யாரும் ஏந்துவோனின் பேரிலும் எழுதப்படும். வெற்றியை எவரும் பாதியாகப் பிளப்பதில்லை. இருவருக்கும் முழுமை. ஆனால் எதிரணியினன் பந்தைப் பிடித்துக்கொண்டால் அக்கறை எறிவோனின் பேரில் மட்டுமே பதியும். பந்து ஏந்துவோனின் இரு கைகளிலும் பட்டுத் தெறித்துப் போயிருந்தாலும் அவ்வாறே. ஏந்துவோன் கைநழுவவிட்டவை அதிகாரபூர்வமான கணக்கில் ஏறுவதேயில்லை. பார்வையாளரும் பத்திரிகைக்காரரும் இக்குறையைத் தம் பங்குக்கு நிரப்புகின்றனர். ஒரு கிழமை எறிவோனை ஏசுவர், மறுகிழமை ஏந்துவோனை ஏசுவர்.

(ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இக்கணக்கேடு அந்நியமானதன்று. மாணவன் சித்தியடைந்தால் பாடசாலையின் சாதனை. தவறினால் மாணவனின் சோம்பல்.)

முன்னோக்கிய எறிவு இவ்வாட்டத்தின் பிறப்போடு பிறந்ததன்று. தொடக்கத்தில் இஃது உடலோடு உடல் மோதித் தள்ளும் ஆட்டமாகவே இருந்தது. இளைஞர் பலர் மைதானத்திலேயே மாண்டனர். 1905 ஆம் ஆண்டில் சாவுகள் மலிந்து எதிர்ப்பு வலுக்கவே, குடியரசுத் தலைவர் தியடோர் றூஸ்வெல்ற் ஹார்வார்ட், யேல், பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு விதிகள் மாற்றப்பட்டன. அம்மாற்றங்களுள் ஒன்றுதான் முன்னோக்கி எறிதலுக்கு அளிக்கப்பட்ட அனுமதி. கும்பலாக மோதுவதைக் குறைத்து ஆட்டத்தை அகலப் பரப்புவதே அதன் நோக்கம். ஆனால் எறிதலை விரும்பாத பழைமைவாதிகளும் விதியாக்கியோருள் இருந்தனர் போலும். எவரும் தொடாமல் தரையில் விழும் எறிவுக்குப் பந்தையே எதிரணிக்கு இழக்கவேண்டும் என்ற கடுந்தண்டனையையும் உடன் சேர்த்துவிட்டனர்.

1906 செப்டெம்பர் 5 ஆம் நாள் விஸ்கொன்சின் மாநிலத்தில் சென்ற் லூயிஸ் பல்கலைக்கழக அணி கரொல் கல்லூரியை எதிர்த்து ஆடியது. பயிற்றுநர் எடி கோக்கம்ஸ் அக்கோடையில் தம் மாணவரை ஏரிக்கரையொன்றுக்கு அழைத்துச் சென்று எறிதலைப் பழக்கியிருந்தார். சட்டம் அனுமதித்த முதலாவது எறிவைப் பிராட்பரி றொபின்சன் எறிந்தார். அதனை ஏந்தவேண்டியவர் ஜாக் ஷ்னைடர். எறிவு தவறியது; பந்தும் பறிபோனது. வரலாற்றின் முதல் எறிவே கைகூடாத எறிவு. அன்றைய விதிப்படி அத்தவறு அணி முழுவதற்கும் இழப்பு. அன்றே பின்னர் ஒருமுறை அதே றொபின்சன் அதே ஷ்னைடருக்கு எறிந்தார். அது 20 யார் சென்று புள்ளியாயிற்று. நமக்கு முக்கியமாகத் தோன்றுவது இரண்டாவது எறிவன்று. முதலெறிவு தவறியபின் இரண்டாவது தடவையும் ஒருவர் எறிய, மற்றவர் ஓட இணங்கினர் என்பதே.

இத்தகைய நம்பிக்கை எங்கிருந்து வருகின்றது? முற்காலத்துக் கவிஞர் இதனை இரு உள்ளங்களின் மாயப் பிணைப்பு என்று பாடிவிட்டுப் போயிருப்பர். இன்றைய விளம்பரக்காரர் ‘இரசாயனம்’ என்கின்றனர். இரண்டும் ஒன்றே, இரண்டும் உழைப்பை மறைப்பவை. போல்ற்றிமோர் அணியில் 1956 முதல் 1967 வரை பன்னிரண்டு பருவங்கள் சேர்ந்து ஆடிய ஜோனி யுனைற்றஸ், றேமண்ட் பெரி ஆகியோரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். யுனைற்றஸ் 1955 இல் பிற்ஸ்பேர்க் அணியால் வேண்டாமென்று விலக்கப்பட்டவர்; கட்டட வேலை செய்து குடும்பத்தைக் காத்துக்கொண்டே ஆட்டமொன்றுக்கு 6 டொலர் பெற்றுச் சிற்றணியில் ஆடியவர். பெரியோ பார்வைக் குறைவுள்ளவர், ஓட்டத்தில் அதிவேகம் படைத்தவரும் அல்லர். வீரர்த் தெரிவில் இருபதாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். ஏனையோர் பயிற்சி முடிந்து வீடு திரும்பியபின் இவ்விருவரும் மைதானத்தில் தங்கி, ஒரே எறிவை மீண்டும் மீண்டும் எறிந்தும் ஏந்தியும் பழகினர். இத்தனை எட்டு வைத்தபின் திரும்புவேன், அத்தனை எட்டில் எறிவேன் என உடம்பாற் கணக்கிட்டனர்.

1958 டிசெம்பர் 28 இல் நியூயோர்க்கில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் அதன் பயன் வெளிப்பட்டது. நேரம் முடியும் தறுவாயில் மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்த நிலையில் யுனைற்றஸ் அடுத்தடுத்து மூன்று முறை பெரிக்கே எறிந்தார்; மூன்றும் கைகூடின; 62 யார் கிடைத்தது. அவற்றுள் ஒன்றின்போது எதிரணியினர் ஒருவர் எதிர்பாராத வகையிற் பெரிக்கு நேர் முன்பாக வந்து நின்றார். அப்படியொரு நிலை வந்தால் என்ன செய்வது என்று இருவரும் முன்பொரு காலத்திற் பேசி வைத்திருந்தனர் என்று பெரி பிற்காலத்திற் கூறியிருக்கிறார். ஒரு பார்வை போதுமாயிற்று. பெரி அன்று ஏந்திய எறிவுகள் 12. தூரம் 178 யார். போல்ற்றிமோர் மேலதிக நேரத்தில் 23-17 என வென்றது. இப்பன்னிரண்டையும் கண்டு ஆர்ப்பரித்தோர் பல்லாயிரவர். ஆளற்ற மைதானத்தில் நிகழ்ந்தவற்றைக் காணக் கூட்டம் கூடவில்லை. ஆகவே நம்பிக்கை என்பது உள்ளத்தில் தானே ஊறும் உணர்ச்சியன்று. செய்து முடிக்கப்பட்ட வேலையின் சேமிப்பு என்றே கொள்ளவேண்டியுள்ளது.

இங்கிலாந்தின் வடக்கே ஸ்கொட்லாந்தில் பிறந்த மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1739-40 இல் வெளிவந்த தமது நூலில் ஓர் உவமை கூறினார். ஒரே படகில் இருவர் துடுப்பு வலிக்கின்றனர். அவர்களுக்குள் எழுதப்பட்ட ஒப்பந்தமோ வாக்குறுதியோ இல்லை. ஆயினும் ஒத்து வலிக்கின்றனர். சமுதாய வழமைகள் யாவும் இவ்வாறே தோன்றின என்பது அவர் கருத்து. அழகிய உவமைதான். ஆனால் துடுப்பு வலிப்போர் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். ஒருவன் தளர்ந்தால் மற்றவன் அடுத்த வலிப்பிலேயே உணர்ந்து தன் வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம். நெட்டெறிவில் அந்த வசதி இல்லை. கைவிட்ட பந்தைத் திருப்பி அழைக்க இயலாது. அந்த இரண்டரை விநாடிக்கு எறிவோன் செய்யக்கூடியது பார்த்துக்கொண்டிருப்பதே. நமது வாழ்வின் பெரிய கூட்டு முயற்சிகள் படகையா, எறிவையா ஒத்திருக்கின்றன? வேலைநிறுத்தம் அறிவித்த தொழிலாளி காலையில் வாயிலுக்குச் செல்லும்போது மற்றவர்கள் வந்திருப்பார்களா என்பதைக் கண்டபின் புறப்படுவதில்லை. தெரிந்து தெளிதலைப் பற்றிப் பேசிய வள்ளுவர் ஆராயாமல் நம்புவதையும் நம்பியபின் ஐயுறுவதையும் ஒருசேரக் கடிந்தார். அவற்றுள் பின்னையதே எறிவோருக்கு நஞ்சு. ஏந்துவோன் உரிய இடத்துக்கு வருவானோ என்று ஐயுற்று அரை விநாடி பந்தைப் பிடித்து வைத்திருப்பவன் அந்த ஐயத்தை மெய்யாக்கிவிடுகிறான்.

இதுகாறும் இருவரையும் சமநிலையில் வைத்துப் பேசினோம். ஆனால் தவறின் விலையை இருவரும் சமமாகச் செலுத்துவதில்லை. 1978 ஓகஸ்ற் 12 இல் ஓக்லாண்டில் ஒரு முன்னோடி ஆட்டம்; பருவக் கணக்கிற் சேராத வெறும் ஒத்திகை. நியூ இங்கிலாந்து அணியின் ஸ்ரீவ் குறோகன் எறிந்த பந்து ஏந்துவோனின் எட்டுக்குச் சற்று அப்பாற் சென்றது. டரில் ஸ்ரிங்லி அதனை எட்டிப் பிடிக்க உடலை நீட்டிப் பாய்ந்தார். அவ்வாறு நீண்டிருக்கும் உடல் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத உடல். எதிரே வந்த ஜாக் ரேற்றம் மோதினார். கழுத்தெலும்பு முறிந்து ஸ்ரிங்லி கைகாலியக்கம் இழந்தார். 2007 இல் இறக்கும்வரை சக்கர நாற்காலியே கதியாயிற்று. மோதல் அன்றைய விதிப்படி குற்றமன்று, தண்டனையும் விதிக்கப்படவில்லை. தற்காப்பற்ற நிலையிலிருக்கும் ஏந்துவோனின் தலையிலும் கழுத்திலும் மோதுவது பிற்காலத்தில்தான் விதிமீறலாக்கப்பட்டது.

ஒவ்வோர் ஆட்டத்திலும் எட்டாத எறிவுகள் எத்தனையோ விழுகின்றன; விழுந்து மறக்கப்படுகின்றன. இவ்வெறிவும் அவற்றைப் போன்றதே. நிகழ்ந்தது மட்டும் வேறு. செய்தவனின் ஆளுகைக்கு அப்பாற்பட்ட விளைவுகளைக் கொண்டு அவன் செயலை மதிப்பிடலாமா என்னும் பிரச்சினையைப் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாளர் 1976 இல் எழுப்பினர். இன்றளவும் முடிந்த விவாதம் அன்று அது. குறோகனைக் குற்றவாளி என்று எவரும் சொல்லார்; நாமும் சொல்லோம். ஆனால் குற்றம் இல்லை என்பதால் அவருக்கும் அந்நிகழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று கூறவும் மனம் ஒப்பவில்லை. தெருவிற் சென்ற வழிப்போக்கன் ஒருவன் அச்செய்தியைக் கேட்டு வருந்துவதற்கும் பந்தை எறிந்தவர் வருந்துவதற்கும் வேறுபாடு இருந்தே தீரும். குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்ற பாகுபாடு இங்கேதான் அவசியமாகின்றது. பிழை செய்தானா என்று கேட்பது ஒன்று. இன்னொருவனின் உடலை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு அனுப்பியவன் எவன் என்று கேட்பது இன்னொன்று.

அனுப்புபவன், அனுப்பப்படுபவன் என்ற சொற்கள் வந்தவுடன் அமெரிக்க சமுதாயத்தின் இன்னொரு கணக்கும் நினைவுக்கு வரவேண்டும். நெடுங்காலமாக அந்நாட்டில் எறிவோனின் இடம் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. சட்டத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எறிவோன் சிந்திப்பவன், ஆணையிடுபவன், ஏந்துவோன் ஓடுபவன். சிந்தனை வெள்ளையருக்கும் வேகம் கறுப்பருக்கும் உரியதென்ற எண்ணமே பயிற்றுநரின் தெரிவுகளை நடத்திற்று. மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்து, முன்னதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது ஆளும் வர்க்கத்தின் பழைய வழக்கம். அங்கே அது நிறத்தின் ஆடையை அணிந்து நின்றது. மைய இடங்களில் வெள்ளையரும் ஓரங்களிற் கறுப்பரும் குவிக்கப்பட்டமையை ஜோன் லொய், ஜோசப் மக்எல்வோக் ஆகிய ஆய்வாளர் 1970 இல் எடுத்துக்காட்டினர்.

மார்லின் பிறிஸ்கோ என்பவரின் வரலாறு இதற்கு உயிருள்ள சான்று. 1968 இல் டென்வர் அணியின் எறிவோர் காயமுற்றதால் அவ்விடம் அவருக்குக் கிடைத்தது. நவீன காலத் தொழில்முறை ஆட்டத்தில் அவ்விடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கிய முதற் கறுப்பினத்தவர் அவரே. அப்பருவத்தில் 14 எறிவுகளைப் புள்ளியாக்கினார். அடுத்த ஆண்டு அவருக்கு அவ்விடம் மறுக்கப்பட்டது. அவர் பஃபலோ அணிக்குப் போய் ஏந்துவோரானார். அதிலும் தலைசிறந்து விளங்கி, 1972 இல் ஓர் ஆட்டத்திலும் தோலாத மயாமி அணியில் ஏந்துவோராக ஆடினார். எறிவின் இரு முனைகளையும் அறிந்தவர் அவர். தம்மால் எறியமுடியும் என்பதை அறிந்தும், மற்றொருவர் எறிவதை நம்பி ஓடவேண்டியிருந்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறியிருக்கவில்லை. 1978 இல் வொறன் மூன் அமெரிக்க அணிகளால் தெரிவு செய்யப்படாமல் கனடாவுக்குச் சென்று எட்மன்ரன் அணிக்கு ஐந்து கிண்ணங்கள் வென்று கொடுத்தார். 1984 இற்றான் ஹியூஸ்ரன் நகரம் அவரை அழைத்தது.

1988 ஜனவரி 31 ஆம் நாள் நிகழ்ந்ததைச் சற்று மகிழ்ச்சியோடு எழுதலாம். வோஷிங்டன் அணியின் டக் வில்லியம்ஸ் நாட்டின் இறுதியாட்டத்தில் எறிவோராய்த் தொடங்கிய முதற் கறுப்பினத்தவர். முதற் கால்வாசியில் டென்வர் 10-0 என முன்னணியில் நின்றது. இரண்டாவது கால்வாசி தொடங்கியதும் அவர் றிக்கி சாண்டேர்ஸை நோக்கி எறிந்த நெட்டெறிவு, ஏந்தியவரின் ஓட்டத்தோடு சேர்ந்து 80 யார் சென்று புள்ளியாயிற்று. அக்கால்வாசியில் மட்டும் அவர் நான்கு எறிவுகளைப் புள்ளியாக்கினார். ஆட்டம் 42-10 என முடிந்தது. அந்த 80 யார் இருவர் பேரிலும் முழுமையாகவே ஏட்டில் ஏறியது. இத்தகைய இறுதியாட்டத்தில் இரு அணிகளின் எறிவோரும் கறுப்பினத்தவராய் இருந்தமை முதன்முறையாக நிகழ்ந்தது 2023 இலேயே என்பதையும் மறக்கலாகாது.

தேர்ந்த இருவர் கூடினாற் காரியம் தவறாது என்று எவரேனும் எண்ணினால் 2008 பெப்ரவரி 3 ஐ நினைவூட்டுவோம். அதற்கு முந்திய பருவத்தில் ரொம் பிறேடி 50 எறிவுகளைப் புள்ளியாக்கியிருந்தார்; அவற்றுள் 23 ஐ ஏந்தியவர் றண்டி மொஸ். இரண்டும் அன்று புதிய சாதனைகள். ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணாது இறுதியாட்டத்துக்கு வந்த அணி. கடைசி நிமிடத்தில் 17-14 எனப் பின்தங்கி நின்றபோது மீந்திருந்த இரு வாய்ப்புக்களிலும் பிறேடி மொஸை நோக்கியே மிக நெடிய எறிவுகளை எறிந்தார். முதலாவதை நியூயோர்க் அணியின் காவலர் விரல்நுனியாற் தட்டிவிட்டார், இரண்டாவதும் கைகூடவில்லை. அவ்வளவுதான். இதில் எவரைக் குற்றம் கூறுவது? எறிவு நல்ல எறிவு. ஓட்டம் நல்ல ஓட்டம். காவலரும் தம் கடமையை நன்கு செய்தார். எதிரணியும் உழைக்கிறது என்ற எளிய உண்மையை ஏசுவோர் மறந்துவிடுகின்றனர்.

இனி நமது கருத்தைச் சொல்லிவிடலாம். கூட்டுச் செயலில் பொறுப்பு என்பது அப்பத்தைப் போலப் பங்கிடத்தக்க பொருளன்று. உனக்குப் பாதி எனக்குப் பாதி என்றோ, உனக்கு எழுபது எனக்கு முப்பது என்றோ வெட்டுவது பழிக்குப் பொருந்தலாம், பொறுப்புக்குப் பொருந்தாது. வெற்றியின்போது கணக்கேடு இருவருக்கும் முழுமையை எழுதுகிறதல்லவா? அந்த விதியே தோல்விக்கும் பொருந்தும். தவறிய எறிவு முழுவதும் எறிவோனுடையது, முழுவதும் ஏந்துவோனுடையது. இதன் நடைமுறைப் பொருள் யாதெனில், ஒவ்வொருவனும் மற்றவனுக்கு விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டவன் என்பதாகும். எறிவு தவறியபின் மைதான ஓரத்துக்குத் திரும்பிய இருவரும் செய்வதைக் கவனித்தால் இது விளங்கும். மேலிருந்து எடுத்த நிழற்படங்களை மடியில் வைத்துக்கொண்டு, முன்னர் அச்சிட்ட தாள்களிலும் 2014 முதல் கையடக்கத் திரைகளிலும், இருவரும் தலைகளை நெருக்கி ஆராய்வர். நீ எதைக் கண்டாய், நான் எதைக் கண்டேன் என்பதே பேச்சு. பிழை எவருடையது என்று தொடங்கும் பேச்சு அவர்களுக்கு உதவாது. அடுத்த எறிவுக்குச் சில நிமிடங்களே உள்ளன. பிழை எவருடையது என்ற வினா மேல்மாடத்தில் இருக்கும் பார்வையாளனுக்கும் சம்பளம் கொடுக்கும் உடைமையாளனுக்கும் தேவைப்படுவது.

உடைமையாளன் என்றதும் ஒன்று. எறிவோனும் ஏந்துவோனும் மட்டுமா இதில் உள்ளனர்? எறிவோனுக்கு அந்த மூன்று விநாடியை வாங்கிக் கொடுப்பதற்காக ஐவர் தம் தலையையும் தோளையும் ஒவ்வொரு முறையும் எதிரியின்மேல் மோதுகின்றனர். அவர்களின் பெயர் யார்க் கணக்கில் எங்குமில்லை. அத்தகைய வீரரான மைக் வெப்ஸ்ரரின் மூளையை 2002 இல் பெனற் ஒமாலு என்னும் நைஜீரிய மருத்துவர் ஆராய்ந்த பின்னரே அம்மோதல்களின் விலை உலகுக்குத் தெரிய வந்தது. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் தொகுதியில், 1867 இல், கூட்டுழைப்பைப் பற்றி எழுதுமிடத்து ஒன்றைச் சுட்டுகிறார்: பலர் கூடும்போது தனித்தனி ஆற்றல்களின் கூட்டுத்தொகைக்கு மேற்பட்ட புதிய ஆற்றல் ஒன்று பிறக்கின்றது, முதலாளி தனித்தனி ஆட்களுக்கே கூலி கொடுக்கிறான், அப்புதிய ஆற்றல் அவனுக்கு இலவசமாகக் கிடைக்கின்றது. இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு வேண்டுமாயின், லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019 இல் சேர்ந்து ஆடித் தோல்வியே காணாத ஜோ பறோ, ஜமார் சேஸ் என்ற இரு மாணவரைக் காட்டலாம். அன்று மாணவ வீரருக்குச் சம்பளம் இல்லை. சின்சினாற்றி அணி 2020 இல் எறிவோரையும் 2021 இல் ஏந்துவோரையும் எடுத்துக்கொண்டது. சம்பளமின்றிப் பழகிச் சேர்த்த புரிந்துணர்வும் அவர்களோடு கூடவே வந்தது.

இருவரின் நம்பிக்கையை இவ்வளவு புகழ்ந்தபின் அதன் எல்லையையும் கூறாவிடின் நேர்மையாகாது. சன் பிரான்சிஸ்கோ அணியின் ஜோ மொன்ரானா எறிந்து டுவைற் கிளார்க் ஏந்திய ஓர் எறிவு, 1982 ஜனவரி 10 இல் டலஸ் அணியை 28-27 என வீழ்த்தியது. அமெரிக்கர் அதனை வெறுமனே ‘அந்தப் பிடி’ என்றே இன்றும் அழைப்பர். 1987 செப்டெம்பரில் வீரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. தாம் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையே முக்கிய கோரிக்கை. உடைமையாளர் பதிலாட்களைக் கொண்டு மூன்று வார ஆட்டங்களை நடத்தினர். அப்பொழுது சங்கத்தின் தடையைக் கடந்து வேலைக்குத் திரும்பியவர்களுள் மொன்ரானாவும் இருந்தார், கிளார்க்கும் இருந்தார். அவர்கள் ஒருவரையொருவர் கைவிடவில்லை. வாயிலில் நின்ற மற்றவர்களையே கைவிட்டனர். ஈருயிர் இணைந்த நம்பிக்கையும் தொழிலாளர் ஒருமைப்பாடும் ஒரே பொருளின் சிறுவடிவும் பெருவடிவும் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பது நன்று.

வேலைநிறுத்தம் தோற்றது. சங்கம் நீதிமன்றங்களை நாடியது. 1993 இல் அவ்வுரிமை கிடைத்தது. அதன் பின் வீரர் அணிவிட்டு அணி செல்கின்றனர். யுனைற்றஸுக்கும் பெரிக்கும் வாய்த்தது போன்ற பன்னிரண்டு பருவங்கள் எந்த இருவருக்கும் எளிதிற் கிடைப்பதில்லை. புதிதாய்ச் சேர்ந்த எறிவோனும் ஏந்துவோனும் பருவத்தின் முற்பாதி முழுவதும் ஒருவரையொருவர் தவறவிட்டுக்கொண்டிருப்பதை இன்று அடிக்கடி காணலாம். பழைய காலத்தில் எறிவுகள் இவ்வாறு தவறியதில்லை என்று பெருமூச்செறிவோர் உண்டு. அக்காலத்தில் அவ்விருவரையும் சேர்த்து வைத்திருந்தது அன்பு மட்டுமன்று, விலகிச் செல்ல விடாத ஒப்பந்தமும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.